ஒன்பதாவது மாடித் தங்கச்சி

எங்கள் குடியிருப்பை இடிக்க வந்தவர்கள் கையில் கேக்கோடு வந்தார்கள். அல்மாத்தியின் வடகோடியில், எப்போதோ மூடிப்போன இயந்திரத் தொழிற்சாலையின் மதிலை ஒட்டி நின்ற இரண்டு மாடி பாரக் அது. நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. தொழிற்சாலை ஓடிய காலத்தில் எங்கள் அப்பாக்கள் அங்கே குடிவந்தார்கள். பிறகு தொழிற்சாலை நின்றது, அப்பாக்களும் போய்ச் சேர்ந்தார்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே நாங்கள் மிஞ்சினோம். தபால்காரன்கூட அந்தப் பக்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருவான். அந்த வருஷம் எண்ணெய் விலை ஏறியது. கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் வங்கிகள் கடன் கொடுத்தன. எங்கே திரும்பினாலும் கிரேன். நாங்கள் காலங்காலமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த இடம் பொன் விளையும் பூமி என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

"பன்னெண்டு மாடி. லிஃப்ட். ராத்திரி பகலா வெந்நீர். உங்க எல்லாருக்கும் இதே எடத்துல புது வீடு," என்று சொல்லி கம்பெனிக்காரர்கள் கேக்கை வெட்டினார்கள். பொய் சொல்லக் கூடாது, கேக் நன்றாகத்தான் இருந்தது.

நான் கலியா. பசாரில் உலர்ந்த பழமும் பருப்பும் விற்கிறேன். பக்கத்து அறைக்காரி ரபிகா, பாலர் பள்ளியில் சமையல் செய்கிறவள். கல்யாணமான வருஷமே பெட்டியோடு திரும்பி வந்து, அப்பா விட்டுப்போன அறையில் தனியாக வாழ்ந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவள் ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலை மதில்தான் தெரியும். மலைக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவள், மலையைப் பார்க்க வேண்டுமென்றால் பேருந்து ஏறித்தான் போக வேண்டும். புது வீட்டில் படுக்கையில் கிடந்தபடியே மலையைப் பார்க்க வேண்டும் என்பாள்.

வீடு ஒதுக்கும் நாளில் கம்பெனி அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எங்களுக்கு முன்னால் நல்ல உயரமான ஒரு ஆள். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"எங்கேருந்து?"

"ஜனாதாஸ்."

"என்ன குலம்?"

"ஓஷக்தி."

பையன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "அட, நம்ம அண்ணனா! மொதல்லயே சொல்லக் கூடாதா?" இரண்டு கையாலும் கை குலுக்கினான். எர்முகான் என்ற அந்த மனிதருக்கு ஒன்பதாவது மாடியில் மலையைப் பார்த்த வீடு கிடைத்தது.

அடுத்தது ரபிகா. பையன் மறுபடி குனிந்துகொண்டான். "பாரக் ஆளா? ரெண்டாவது மாடி. பின்பக்கம்." பின்பக்கம் என்றால் குப்பைத் தொட்டி. ரபிகாவின் கழுத்து சிவந்துபோயிற்று. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிய எர்முகான் அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"நீ என்ன குலம்மா?" என்று சும்மா கேட்டார். எங்கள் ஊரில் யாரும் யாரையும் முதலில் கேட்பது இதைத்தான்.

ரபிகா ஷப்ராஷ்தி குலம். அவள் அப்பா உசின்அகாஷ் ஊர்க்காரர், அங்கே கல்லைப் புரட்டினால் கீழே ஒரு ஷப்ராஷ்தி இருப்பான். அவள் எர்முகானின் முகத்தைப் பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த மலைப் படத்தைப் பார்த்தாள். "ஓஷக்தி," என்றாள்.

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அதற்குள் எர்முகான் மேஜையில் கையை ஊன்றிவிட்டார். "ஏம்பா, நம்ம தங்கச்சி குப்பைத் தொட்டியைப் பாத்துக்கிட்டா உக்காந்திருக்கணும்? என் பக்கத்துல போடு." பையன் போட்டான். ஒட்டிக்கொண்டு வந்த எனக்கும் நேர் கீழே எட்டாவது மாடி கிடைத்தது. வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, வாய் கூசாம பொய் சொல்றியே!"

"மலை தெரியுமாம்டி," என்றாள் ரபிகா. முகமெல்லாம் சிரிப்பு. "குடிபோனா அவரு கதவு அவருக்கு, என் கதவு எனக்கு. யாருக்கென்ன நஷ்டம்?"

பாரக்கை ஒரே நாளில் இடித்துத் தள்ளினார்கள். ஊருக்கு வெளியே வாடகை அறைகளில் இருந்துகொண்டு, வாராவாரம் போய்க் கட்டடம் வளர்வதைப் பார்த்தோம். குழந்தை வளர்வதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தோம். எட்டாவது மாடிக்குத் தளம் போட்ட சமயத்தில், எங்கேயோ அமெரிக்காவில் யாரோ வீட்டுக்கடன் கட்டவில்லையாம், இங்கே எங்கள் வங்கிகள் கையை விரித்துவிட்டன. முதலில் சிமெண்ட் லாரி நின்றது, பிறகு கூலி நின்றது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. கேக் வெட்டியவர்களின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அமெரிக்காக்காரனைக் கையில் கொடுத்திருந்தால் என் தராசாலேயே மண்டையில் போட்டிருப்பேன்.

எனக்காவது காலை வைக்க ஒரு தளம் இருந்தது. ரபிகா, எர்முகான் இருவருடைய வீடும் வெறும் ஆகாசம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பணம் கட்டியவர்களும் பாரக் ஆட்களுமாக வேலிக்கு வெளியே கூடினோம். முதலில் கத்தினோம், பதாகை பிடித்தோம், போலீஸ்காரர்கள் வந்து போனார்கள். பிறகு கத்துவதும் அலுத்துப்போய் ஃபிளாஸ்கில் பால் தேநீரும் வறுத்த மாவு உருண்டைகளும் கொண்டுவர ஆரம்பித்தோம். "ஏழு இடது வந்தாச்சா?" "பதினொண்ணு வலதுக்குக் காய்ச்சலாம்." இப்படித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டோம். இல்லாத வீட்டுக்கு அப்படி ஒரு அக்கம்பக்கம் அமைந்துவிட்டது. எர்முகான் அண்ணாந்து பார்த்து விரலை நீட்டுவார்.

"அந்தக் கம்பி மேல காக்கா உக்காந்திருக்கு பாரு தங்கச்சி, அதான் உன் சமையலறை."

"அப்ப உங்க சமையலறை எதுண்ணே?"

"பக்கத்துக் கம்பி. நடுவுல ஒரே சுவர்தான். நீ குழாயைத் தொறந்தா எனக்குக் கேக்கும்."

எல்லோரும் தடிமனான சுவர் வேண்டும் என்று அடித்துக்கொண்டபோது அவர் ஒருவர்தான் மெல்லிய சுவர் கேட்டார். அதற்குக் காரணம் ஜனாதாஸ். சுரங்க ஊர். பாஸ்பரஸ் தோண்டிய காலத்தில் ஜே ஜே என்று இருந்தது, தொண்ணூறுகளில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அவர் இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் விளக்கெரியும் ஜன்னல்கள் குறைந்துகொண்டே வந்தன. மனைவி இறந்தாள், மகள் அய்னாஷ் படிக்கப் போனாள். கடைசியில் அந்தப் படிக்கட்டில் அவர் ஒருவர்தான். "மேல யாராவது நாற்காலியை இழுக்க மாட்டாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டே கெடப்பேன்," என்றார் ஒரு தடவை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ரபிகா சிரிக்கவில்லை. தன் பையிலிருந்த உருண்டைகளையெல்லாம் எடுத்து அவர் கையில் திணித்தாள்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. புரிந்த பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எங்களில் ஏழு தலைமுறைக்குள் ஒரே தகப்பன் வழி என்றால் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் நினைப்பில்கூட வராது. ஓஷக்தியோ சின்னக் குலம், ஆளுக்கு ஆள் அண்ணன் தங்கைதான். அந்த மனிதர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டால், அதைத் தவிர வேறு எந்தக் கண்ணாலும் அவளைப் பார்க்க மாட்டார்.

அதோடு விட்டாரா? ஏழு தகப்பன்களின் பேரைச் சொல்லு என்று அவளைக் கேட்டார். அவள் முழித்தாள். அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், தெரியாது என்றாள். எங்கள் மத்தியில் இது பெரிய அவமானம். எர்முகான் பதறிப்போனார். "அய்யய்யோ, ஏழு தகப்பன் தெரியாத பொண்ணை அனாதைம்பாங்கம்மா. நம்ம வம்சத்தை நான் சொல்லித் தர்றேன்." பனியில் நின்றுகொண்டு, கையில் தேநீரோடு, தன் முப்பாட்டன்மார் பேர்களையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவளும் படித்தாள். ஒரு நாள் அவள் அறைக்குப் போனேன், மாவு பிசைந்தபடியே அந்தப் பேர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"உன் அப்பன் பாட்டன் பேரு நல்லாத் தெரியுமேடி உனக்கு. இதை எதுக்குப் படிக்கிற?"

"தெரியலடி. அவரு வீட்டு ஆளுங்க பேரு. சொல்லணும்போல இருக்கு."

"உண்மையைச் சொல்லித் தொலையேன். என்ன, தலையையா சீவிடுவாரு?"

"தங்கச்சிங்கறதாலதான் என்கிட்ட வந்து உக்கார்றாரு. பொய்க்காரின்னு தெரிஞ்சா அடுத்த ஞாயித்துக்கிழமை வருவாரா?"

அவள் கையிலிருந்து மாவை வாங்கி நான் பிசைந்தேன்.

அப்புறம் அய்னாஷுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தராஸ் ஊர். பெண்ணுக்குத் தாயும் இல்லை, கூடப்பிறந்த அத்தையும் இல்லை. எர்முகான் வேலியோரத்தில் எல்லோர் முன்னாலும் ரபிகாவைக் கேட்டார். "அத்தை எடத்துல நீதான் உக்காரணும் தங்கச்சி." எப்படி மறுப்பாள்? போய் உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டார் அத்தைக்குரிய சரிகை அங்கியை அவள் தோளில் போட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். பார்ப்பதற்கு ராணி மாதிரி இருந்தாள், உள்ளே செத்துக்கொண்டிருந்தாள். இனி உண்மையைச் சொன்னால் சம்பந்திகள் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். அந்த அங்கியோடு அவள் வாய்க்கும் பூட்டுப் போட்டாயிற்று.

எண்ணெய் விலை மறுபடி ஏறியது. கிரேன்கள் மறுபடி நிமிர்ந்தன. எங்கள் கட்டடத்தை வேறொரு கம்பெனி எடுத்துக்கொண்டது. இந்தத் தடவை கேக் இல்லை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மேல்மாடிகளெல்லாம் இனி பணக்காரர்களுக்காம், பெரிய பெரிய வீடுகளாம். அதனால் ஒன்பதாவது மாடியில் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்களாம். புது வரைபடத்தில் அந்தச் சுவரே இல்லை.

"ஒருத்தர் எடுத்துக்கலாம். இன்னொருத்தருக்கு அல்காபாஸ்ல ஒரு வீடு தர்றோம்," என்றாள் புது மேனேஜர் பெண். அல்காபாஸ் என்பது எங்கள் ஊரின் மறுகோடி. "இல்லன்னா ஒரே குடும்பமா இருந்தா பாதிப் பாதியா எழுதிக்கலாம். நீங்க ரெண்டு பேரும் என்ன உறவு?"

ரபிகா என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"என் தங்கச்சிம்மா!" என்றார் எர்முகான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அண்ணன் தங்கச்சி ஒரே கூரைல இருந்தா யாரு என்ன சொல்வாங்க? எழுதும்மா, பாதிப் பாதி!"

எழுதினார்கள். அடுத்த வருஷம் குடிபோனோம். ரபிகா படுக்கையில் கிடந்தபடியே மலையைப் பார்த்தாள். நான் மாடியேறிப் போய், "என்னடி, ஆசைப்பட்டதெல்லாம் கெடச்சாச்சா?" என்று கேட்டேன்.

"ஒரே வீடுடி," என்றாள். "விடிஞ்சதும் கதவைத் தட்டி, 'தங்கச்சி, தேநீர் ஆச்சா'ங்கறாரு. வேலியோரத்துலயாவது வாரத்துக்கு ஒரு நாள்தான் காதுல விழுந்துச்சு."

நான் மேலே போகும்போதெல்லாம் பார்ப்பேன். அவர் ஜனாதாஸில் வெல்டராக இருந்தவர், வீட்டில் ஒரு கதவு கிரீச்சிட விடமாட்டார். சாயங்காலம் இருவரும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அவள் குழாயைத் திறந்தால் அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார், பாட்டு கேட்கிற மாதிரி. அவர் பார்க்காதபோது இவள் அவரைப் பார்ப்பாள். புருஷன் பெண்டாட்டிக்குள் இவ்வளவு இணக்கம் நான் எங்கேயும் கண்டதில்லை, என் வீட்டில் நிச்சயமாக இல்லை. இந்த வீட்டில் எல்லாம் இருந்தது, அந்த ஒரு சொல்தான் குறுக்கே நின்றது. அந்தச் சொல்லை அவர் ஒரு நாளும் தவறவிட மாட்டார்.

நல்ல மனிதர்களோடு வாழ்வதில் உள்ள சிக்கல், அவர்கள் கடமையை மறப்பதில்லை. ஒரு நாள் எர்முகான் இறங்கி என் வீட்டுக்கு வந்தார். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

"கலியா, தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கேன். மனைவியை இழந்தவன், குடிக்க மாட்டான், ஆட்டு மந்தை வெச்சிருக்கான். ஞாயித்துக்கிழமை அவன் அண்ணனோட வர்றான். நீயும் வந்து கூட இரு."

"அவ கேட்டாளா?"

"எந்தப் பொண்ணு வாயைத் தொறந்து கேப்பா? என் அடுப்படில கெடந்து அவ கெழவியாகட்டும்னு அண்ணன்காரன் விட்டுட்டான்னு நாளைக்கு ஊரு பேசும்." பிறகு குரல் தாழ்ந்தது. "அவ போயிட்டா வீடு வெறிச்சுனுதான் இருக்கும். அதுக்காக? நான் என் சொகத்தைப் பாக்கலாமா?"

ரபிகா தன்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தானே இறைச்சி வேகவைத்தாள்.

வந்தவர்கள் இருவருமே நல்லவர்கள். மாப்பிள்ளை ஜாகிப்பெக் வெட்கத்தில் கம்பளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்காரர் பெரிய குரல்காரர். வேகவைத்த ஆட்டுத்தலை எர்முகான் முன்னால் இருந்தது. அவர் கத்தியை எடுத்துக் காதை அறுக்க ஆரம்பித்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி வம்சத்தைச் சொல்லிடறேன், அப்புறம் வம்பு வேணாம்," என்றார் அந்த அண்ணன்காரர். "நாங்க உசின்அகாஷ், ஷப்ராஷ்தி. நீங்க ஓஷக்தி, அதனால ஒரு தடையும் இல்ல. இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? எங்கப்பா துர்சின். அவருக்கு அப்பா அபில். அவருக்கு அப்பா செய்த். அவருக்கு அப்பா தொக்தார். அப்புறம் எசிம், மல்தாபார், ஜாயில்மிஸ்."

ரபிகாவின் கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அவள் எழுந்து நின்றாள். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டாள். வேண்டாமடி என்று கண்ணால் சொன்னேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

"எங்கப்பா பைமுராத்," என்றாள். "அவருக்கு அப்பா சத்தாய். அவருக்கு அப்பா கொஷ்கார். அவருக்கு அப்பா தொக்தார்." அவள் நிறுத்தவில்லை. "அப்புறம் எசிம். மல்தாபார். ஜாயில்மிஸ்."

அந்த அண்ணன்காரர் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். "அடி என் கண்ணே, பைமுராத் மகளா நீ! டேய் ஜாகிப்பெக், பொண்டாட்டி கேட்டு வந்தே, தங்கச்சி கெடச்சிருக்காடா!" இருவரும் எழுந்து அவள் நெற்றியில் முத்தமிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் வெட்கமே விட்டது, கோடையில் வந்து மந்தையில் குட்டி எடுத்துக்கொண்டு போகணும் என்று உத்தரவு போட்டார். எர்முகான் கத்தியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆட்டின் காது பாதி அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு கேட்டார். "நீ ஓஷக்தி இல்லையா?"

"இல்ல."

"அன்னிக்கே இல்லையா?"

"அன்னிக்கே இல்ல. மலை தெரியணும்னு சொன்னேன்."

"சரி, அன்னிக்கு மலை. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க," என்றாள் ரபிகா. "சொல்லிட்டா நீங்க வர மாட்டீங்களோன்னு."

அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. கோபமா துக்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அய்னாஷ் கல்யாணத்துல அத்தைன்னு உக்கார வெச்சேனே. சம்பந்திங்களுக்கு என்ன சொல்வேன்? எங்கப்பன் பாட்டன் பேரையெல்லாம் உனக்குச் சொல்லித் தந்தேனே." எழுந்தார். கதவுக்குப் பக்கத்தில் திரும்பி நின்று வாயைத் திறந்தார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அன்றைக்கே மகள் வீட்டுக்கு, தராஸுக்குப் போய்விட்டார்.

தன் பாதியை விற்கச் சொல்லி எனக்குத்தான் ஃபோன் செய்தார். ரபிகாவிடம் போய்ச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "ஆளுங்க வந்தா நீயே காட்டுடி. நான் பாலர் பள்ளிக்குப் போற நேரத்துல கூட்டிட்டு வா." வந்தவர்கள் மலையைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். விலை உச்சாணியில் இருந்தது. ரபிகா வேலை முடிந்து வந்ததும் அவர் அறைக் கதவைத் திறந்து பார்ப்பாள், கட்டில் இருக்கிறதா என்று. பிறகு குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிற்பாள். கீழே என் வீட்டுக்குக் கேட்கும். தண்ணீரை இப்படி வீணாக்குகிறாளே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அழுதேன்.

ஒரு தம்பதி முன்பணம் தருவதாகச் சொல்லியிருந்த ஆகஸ்டில் எங்கள் நாணயமான தெங்கே கவிழ்ந்தது. விடிந்து பார்த்தால் பையில் இருந்த காசு பாதிக் காசு. அந்தத் தம்பதி ஃபோனை எடுக்கவில்லை. எதிரே அஸ்திவாரம் தோண்டிய பள்ளத்தில் புதுசாகக் கிளம்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் கிரேன் நின்றுவிட்டது. பசாரில் பாதாம் வாங்குவார் இல்லை. ஊரே மாரடித்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், கடவுள் மன்னிக்கட்டும்.

இலை உதிரும் காலத்தில் எர்முகான் ஒரு பெட்டியோடு எங்கள் படிக்கட்டில் நின்றார். லிஃப்ட் ஓடவில்லை. மூச்சு வாங்கியது.

"விக்கலையே," என்றார் என்னிடம், நான்தான் குற்றவாளி என்பது போல.

"யாருண்ணே இப்ப வாங்குவா?"

"மகளுக்கும் ரெண்டே அறை. குழந்தை வேற. எவ்வளவு நாள் அங்க இருக்கறது?" பெட்டியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். "என் பாதில நான் இருந்துக்கறேன். விலை ஏறினதும் வித்துட்டுப் போயிடறேன். அவகிட்ட நீயே சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்க. எனக்கு முட்டி வலி," என்றேன். என் முட்டி கல் மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

அவள் கதவைத் திறந்தது கேட்டது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மேலே ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து ஒரு புது வாழ்க்கை நடந்தது அங்கே. அவர் அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. தங்கச்சி போய்விட்டது, அந்த இடத்துக்கு வேறொன்று வரவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டினார். ரபிகா இளைத்துப்போனாள். விலை ஏறினால் போய்விடுவார் என்பது அவளுக்குத் தெரியும். டிவியில் எண்ணெய் விலை சொன்னால் எழுந்துபோய் அணைத்துவிடுவாள்.

விலை ஏறாமல் இருக்குமா? ஏறியது. எதிர்ப் பள்ளத்தில் கிரேன் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் வீட்டுத் தரகன் ஒருவன் என்னை அழைத்தான், அந்தப் பாதி இன்னும் இருக்கா என்று. மேலே போய் எர்முகானிடம் தொகையைச் சொன்னேன். ரபிகா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவர் யோசித்தார்.

"கம்மியா இருக்கே," என்றார்.

தரகன் கூட்டிச் சொன்னான். மறுபடி போனேன். "கம்மி," என்றார். இன்னும் கூட்டினான். அந்தப் பணத்துக்கு இரண்டு வீடு வாங்கலாம், நானாக இருந்தால் சாவியைக் கையில் திணித்துவிட்டு ஓடியிருப்பேன். மூச்சு வாங்க மாடியேறிச் சொன்னேன்.

"கம்மி," என்றார் எர்முகான், மலையைப் பார்த்துக்கொண்டு.

ரபிகா திரும்பினாள். இத்தனை வருஷத்தில் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"எவ்வளவு வந்தாத்தான் விப்பீங்க? சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவையும் கலியா படியேறி வர்ற சத்தம் கேட்டா எனக்கு உசுரு போயிப் போயி வருது."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். காது நுனி வரை சிவந்திருந்தது அந்த வயசான மனிதருக்கு.

"பணத்துக்கா நான் உக்காந்திருக்கேன்?" என்றார். "நீ போன்னு சொல்லு, சும்மாவே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன், ரபிகா."

விருந்தாளியை அனுப்ப வேண்டுமென்றால் எங்கள் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். ரபிகா அவர் கிண்ணத்தை எடுத்தாள். கெண்டியைச் சாய்த்தாள். அடி மறையும் அளவுக்குத்தான் ஊற்றினாள். அதை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.